ஆராய்ச்சி மாணவருக்குப் படியளப்பவர் யார்?

தோட்டத்தில் டாக்டர் என்றதும் நமக்கு ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். இன்று நாம் பேசப்போவது ஊசி போடும் டாக்டரைப் பற்றியன்று. ஒரு துறையில் இதுவரை யாரும் அறியாத ஒன்றை ஆராய்ந்து எழுதிப் பல்கலைக்கழகத்தில் பெறும் பி.எச்.டி. என்னும் டாக்டர் பட்டத்தைப் பற்றி.

கணினித் துறையில் இப்பட்டம் பெற மூன்று முதல் ஆறு ஆண்டுகள் வரை ஆகலாம். ரப்பர் கன்றை நட்டவுடன் பால் வடிவதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்துதான் மரத்தில் கத்தி வைக்கிறோம். அதுவரை களையெடுக்கவும் உரம் போடவும் செலவு உண்டல்லவா? ஆராய்ச்சி மாணவர் நிலையும் அதுவே. கூடப் படித்தவர்கள் சம்பளம் வாங்கும்போது, "இன்னும் எத்தனை நாள்தான் படிப்பாய்?" என்று பெற்றோர் மகளைக் கேட்பதில் தவறில்லை.

இந்தச் செலவைச் சில கணினி நிறுவனங்கள் ஏற்கின்றன. கூகுள் நிறுவனம் 2009இல் இத்தகைய உதவித்தொகையைத் தொடங்கியது. தென்கிழக்காசிய மாணவர்களும் இதற்குத் தேர்வு பெற்றுள்ளனர். அந்நிறுவனம் பிறந்த கதையே வேடிக்கையானது. அதை நிறுவிய லேரி பேஜும் செர்கே பிரினும் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்திற்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள். பிரினுக்கு அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை உதவித்தொகை கொடுத்தது. அவர்களுடைய ஆராய்ச்சியிலிருந்து 1998இல் கூகுள் உருவாயிற்று. இருவரும் பட்டத்தை முடிக்கவேயில்லை என்பது வேறு கதை!

"இது கடனா?" என்று கேட்பீர்கள். அன்று. பி.டி.பி.டி.என். கடனைப்போல் மாதாமாதம் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. "படித்து முடித்ததும் அந்தக் கம்பெனிக்கே உழைக்க வேண்டுமா?" கூகுள் விதிப்படி கட்டாயமில்லை. மாணவரின் கண்டுபிடிப்புக்கும் அது உரிமை கோருவதில்லை. அங்கே பயிற்சிக்குப் போனால் மட்டும் பயிற்சியாளருக்குரிய விதிகள் பொருந்தும். எல்லா நிறுவனங்களும் இப்படி என்று எண்ணிவிடாதீர்கள். ஒப்பந்தத்தை வரி விடாமல் வாசித்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

கம்பெனி இதைத் தருமத்திற்காக மட்டும் செய்யவில்லை. திறமைசாலிகளை முன்கூட்டியே அடையாளம் காண்பது அதற்கு ஆதாயம். எந்தெந்தப் பிரிவுகளுக்குப் பணம் என்பதையும் அதுவே வகுக்கிறது. அதற்கு வெளியே ஆராய விரும்புவோர் அரசாங்க நிதியையோ பல்கலைக்கழக நிதியையோதான் நாட வேண்டும்.

ஆறாம் படிவம் முடித்தவுடன் இதற்கு மனுச் செய்ய முடியாது. முதலில் டாக்டர் பட்டப் படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். சில இடங்களில் பல்கலைக்கழகமே மாணவர் பெயரை முன்மொழிகிறது. சில இடங்களில் மாணவரே மனு அனுப்பலாம். ஆகவே, இடம் கிடைத்ததும் வழிகாட்டிப் பேராசிரியரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்தெந்த உதவித்தொகைக்கு எந்த மாதத்தில் மனு என்பதே.