அலுமாரி மேலிருக்கும் வானொலிப் பெட்டி



உங்கள் உம்மா வீட்டிலோ மாமி வீட்டிலோ அலுமாரிக்கு மேல், துணி போர்த்திய ஒரு மரப் பெட்டி இருக்கக்கூடும். முன்பக்கம் துணி இழுத்துக் கட்டி, கண்ணாடியில் ஊர்ப் பெயர்கள் எழுதி, இரண்டு மூன்று திருகுகளுடன் இருக்கும். அதுதான் வால்வு ரேடியோ. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதும் கல்யாணம் வரும்போதும், "இந்தப் பழைய சாமானை யாருக்காவது கொடுத்து விடுவோமே" என்ற பேச்சு எழும். உடனே வேறொருவர், "வேலை செய்கிறதா என்று ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே" என்பார். பெட்டியைக் கெடுப்பது அந்த ஒரு வார்த்தைதான்.

வாப்பா மௌத்தாகிச் சில மாதங்களின் பின் நானும் அதைத்தான் செய்தேன். பல வருடங்களாக யாரும் தொடாத பெட்டி. பிளக்கைச் செருகினேன். வால்வுகள் மெல்லச் சிவந்தன. பெரியதோர் உறுமல் கேட்டது. சற்று நேரத்தில் கருகிய வாடையும் புகையும். ஓடிப்போய்ப் பிளக்கை இழுத்தேன். ஆயினும் உள்ளேயிருந்த ட்ரான்ஸ்போமர் எரிந்து போயிருந்தது. வாப்பா அன்றாடம் செய்தி கேட்ட பெட்டி கடைசியாக எழுப்பிய சத்தம் அந்த உறுமல்தான்.

பிற்பாடு என் மனைவியின் உம்மா வீட்டுப் பெட்டியை நானும் மகளும் இரண்டு மாதமாகப் பொறுமையோடு திருத்தினோம். அது இன்றும் பேசுகிறது. இரண்டு பெட்டிக்கும் இடையிலிருந்த வித்தியாசம் அவசரம் ஒன்றுதான்.

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரில் ஆரம்பமாயிற்று. 1949 இல் அது ரேடியோ சிலோன் ஆயிற்று. திரான்சிஸ்டர் 1947 இல் கண்டுபிடிக்கப்பட்ட போதிலும், அதன் பின்னரும் பல காலம் வீடுகளில் ஒலித்தவை வால்வுப் பெட்டிகளே. நோன்பு காலத்து நிகழ்ச்சிகளையும் செய்திகளையும் நம் மூத்த பெண்கள் வீட்டுக்குள் இருந்தபடியே கேட்டது இவற்றில்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம். வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய். உள்ளே ஓர் இழை சூடேறினால்தான் அது வேலை செய்யும். அதோடு வால்வுக்குப் பெரும்பாலும் 200 வோல்ட் அளவிலான நேர் மின்னோட்டமும் வேண்டும். அந்த மின்னோட்டத்தைச் சீராக்குவன பாடப் புத்தகங்கள் கொள்ளளவி என்று கூறும் கொண்டென்சர்கள். பழைய பெட்டியில் முதலில் பழுதாவதும் இவைதான். உள்ளிருக்கும் ஈரப்பசை காய்ந்தும், காகிதம் பழுதாகியும் மின்சாரத்தைக் கசிய விடுகின்றன. அந்தக் கசிவுதான் வால்வையும் ட்ரான்ஸ்போமரையும் எரிக்கிறது. பெரும்பாலும் வால்வுகள் நல்ல நிலையிலேயே இருக்கும். சில நூறு ரூபாய்ச் சாமான்தான் முழுப் பெட்டியையும் அழித்து விடுகிறது.

ஆகவே முதலாவது காரியம், பிளக்கைச் செருகாதிருப்பது. பின்பலகையைக் கழற்றி, மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். எந்த வால்வு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் படமெடுத்து வையுங்கள். ஊர்ப் பெயர்கள் எழுதிய கண்ணாடியின் உட்புறத்தில் ஈரத்துணி படக் கூடாது; எழுத்து அழிந்து விடும். வால்வின் தலைப்பில் வெள்ளிப் பூச்சுப் போல மினுங்கினால் நல்லது. அது பால்போல வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்து விட்டது. அந்த வால்வு உதவாது.

அடுத்து வால்வின் பெயரைப் பாருங்கள். ஐரோப்பிய வால்வுகளில் பெயரின் முதலெழுத்து "ஈ" ஆனால் அதன் இழைக்கு 6.3 வோல்ட், அப்படிப்பட்ட பெட்டியில் பெரும்பாலும் ட்ரான்ஸ்போமர் இருக்கும். "யூ" என்று தொடங்கினால் கவனம்! அந்த வகைப் பெட்டிகளில் வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பி உள்ளிருக்கும் இரும்புத் தட்டோடு நேராகவே இணைந்திருக்கும். திருகின் பிடி கழன்று இரும்புத் தண்டு வெளியே தெரிந்தால், அதைத் தொடும் பிள்ளைக்கு உயிராபத்து. இவ்வகைப் பெட்டியை அனுபவமுள்ளவரிடமே விட்டு விடுங்கள்.

பிளக்கைக் கழற்றிய பின்னும் கொண்டென்சர்களில் மின்சாரம் தங்கி நிற்கும் என்பதை மறந்து விடலாகாது. 10 ஆயிரம் ஓம், 5 வாட் தடையொன்றை நன்கு காப்பிட்ட கம்பிகளில் பொருத்தி, அதனூடாக மின்சாரத்தை வடித்து, மீட்டரால் அளந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

பிறகு காகிதக் கொண்டென்சர்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒன்றைக் கழற்றி, அதே அளவில் 630 வோல்ட் தாங்கும் புதிய பொலியெஸ்டர் வகையைப் பற்றாசு வைத்த பின்பே அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் கழற்றினால் எது எங்கே என்று தெரியாமற் போகும். சீராக்கும் பெரிய கொண்டென்சருக்கு 450 வோல்ட் தாங்குவது பொருத்தம். அதில் கூட்டல், கழித்தல் முனைகள் மாறினால் வெடித்து விடும்.

உக்கிப் போன மின்கம்பியை மாற்றி, பியூஸ் ஒன்றும் வையுங்கள். ட்ரான்ஸ்போமர் உள்ள பெட்டிக்கு நிலக்கம்பியோடு கூடிய மூன்று கம்பி வயர் நல்லது. பின்புறத்தில் வோல்ட் தெரிவுத் திருகு இருந்தால், நமது நாட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பதால் 220க்கும் 245க்கும் இடையில் பொருத்தமானதில் வையுங்கள்.

முதன்முதலாக மின்சாரம் கொடுக்கும்போது 60 வாட் பழைய இழைமின்குமிழ் ஒன்றைத் தொடராக இணையுங்கள். எல்ஈடி குமிழ் இதற்கு உதவாது. குமிழ் ஒரு கணம் பிரகாசித்து மங்கினால் நலம். பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே குறுஞ்சுற்று இருக்கிறது, உடனே நிறுத்துங்கள். என் வாப்பாவின் பெட்டியைக் காப்பாற்ற இப்படியொரு குமிழ் போதுமாயிருந்தது. இந்த வேலையை விளங்கிய ஒருவர் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டாம். சிறு பிள்ளைகளும் அருகில் இருக்கக் கூடாது.

பெட்டி பேசத் தொடங்கிய பின் ஒரு கவலை வரும். பல நாடுகளில் மத்திய அலை ஒலிபரப்புக் குறைந்து விட்டது. எல்ஈடி குமிழ்களும் போன் சார்ஜர்களும் இரைச்சலைக் கூட்டுகின்றன. இதற்காக உள்ளிருப்பதைப் பிடுங்கியெறிந்து எப்எம் பலகையொன்றைப் பொருத்துவோர் உண்டு. அப்படிச் செய்தால் மிஞ்சுவது வெறும் மரப்பெட்டிதான். அதற்குத் தேவையுமில்லை. பல பெட்டிகளின் பின்னால் இசைத்தட்டுக் கருவிக்கென இரண்டு துளைகள் உண்டு. ட்ரான்ஸ்போமர் உள்ள பெட்டியாயின், கைபேசியின் இடது வலது கம்பிகளை ஆளுக்கொரு 1000 ஓம் தடையூடாக ஒன்றாக்கி அங்கே கொடுத்தால், கைபேசியில் வருவது வால்வின் குரலில் ஒலிக்கும். "யூ" வகைப் பெட்டியில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

எங்கள் பெட்டி ஒலித்த முதல் நாள் மனைவியின் உம்மா முன்னால் வந்து உட்கார்ந்தார். செய்தி ஒன்று ஓடிக் கொண்டிருந்தது. கண்ணாடியின் மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்தபடி, "சத்தத்தைக் கொஞ்சம் குறை மகள், அவர் தூங்கும் நேரம்" என்றார். அவருடைய கணவர் மௌத்தாகிப் பதினொரு வருடம். மகள் ஒன்றும் பேசவில்லை. திருகை மெல்லத் திருப்பிக் குறைத்தாள்.

உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே இருப்பதும் அப்படியொரு அமானிதமாக இருக்கலாம். யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம், போட்டுப் பார்க்கவும் வேண்டாம். முதலில் பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள்.