பவளம் சுருங்குதா? மருந்து பாட்டிலைத் தொடாதீங்க... முதல்ல தண்ணியைப் பாருங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை. ஹாலில் இருக்கும் கடல் தொட்டியின் விளக்கு எரிகிறது. குடைபோல விரிந்து நிற்க வேண்டிய லெதர் பவளம் சுருங்கிக் கிடக்கிறது. பக்கத்துப் பாறையில் பூப்பூவாக விரிந்திருக்கும் பட்டன் பவளங்கள் எல்லாம் மூடிக்கொண்டுவிட்டன. ``அப்பா, பவளம் செத்துப்போச்சா?'' என்று பிள்ளை கேட்கிறது.

கடல் தொட்டி வைத்திருக்கும் பல வீடுகளில் இந்தக் காட்சி ஒருமுறையாவது நடந்திருக்கும். அதற்கு அடுத்து நடப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். பதறியடித்து மீன் கடைக்கு ஓடுவார்கள். மூன்று பாட்டில்களோடு திரும்பி வருவார்கள். மூன்றையும் ஒரே நாளில் ஊற்றுவார்கள். ஒரு வாரத்தில் மிச்சம் இருந்த பவளமும் போய்விடும்.

பவளத்தைக் கொன்றது நோய் அல்ல, பெரும்பாலும் அவசரம்தான். அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? எதை முதலில் பார்க்க வேண்டும்?

பவளம் செடியல்ல... உயிருள்ள விலங்கு!

பார்ப்பதற்குப் பூச்செடி மாதிரி இருந்தாலும், பவளம் ஒரு விலங்கு. பாலிப் எனப்படும் குட்டிக் குட்டி உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து வாழ்வதுதான் நாம் பார்க்கும் பவளம். பெரும்பாலான தொட்டிப் பவளங்களின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் உணவு தயாரித்துப் பவளத்துக்கும் பங்கு கொடுக்கின்றன.

தண்ணீர் சூடானாலோ, வெளிச்சம் திடீரென அதிகமானாலோ இந்தக் கூட்டுக்குடும்பம் உடைகிறது. பாசியைப் பவளம் வெளியேற்றிவிடும். நிறம் போய் வெளுத்துவிடும். வெளுத்த பவளம் உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கிறது. சூழல் சரியானால் பிழைத்துக்கொள்ளும். பவளம் விஷயத்தில் பதற்றத்தைவிடப் பொறுமை பலன் தருவதற்குக் காரணம் இதுதான்.

உடல்மொழியைப் படியுங்கள்

* வெளுக்கிறதா? சூடு, அதிக வெளிச்சம் அல்லது பட்டினி.
* பழுப்பு நிறமாகிறதா? வெளிச்சம் குறைவு அல்லது தண்ணீரில் கழிவுச்சத்து அதிகம்.
* தண்டு நீண்டு விளக்கை நோக்கி எட்டிப் பார்க்கிறதா? வெளிச்சம் போதவில்லை.
* எல்லாப் பவளமும் ஒரே நாளில் மூடிக்கொண்டதா? உப்பின் அளவு மாறியிருக்கலாம் அல்லது ஏதோ ரசாயனம் கலந்திருக்கலாம்.
* ஒன்று மட்டும் வாடுகிறதா? பூச்சித் தொல்லை, பக்கத்துப் பவளத்தோடு சண்டை, நீரோட்டம் நேராக மோதுவது... இவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

பொய்யான பயமும் உண்டு. லெதர் பவளம் அவ்வப்போது மெழுகு மாதிரியான மேல்தோலை உரித்துப்போடும். அந்த நாள்களில் சுருங்கி, மங்கி, செத்ததுபோலவே இருக்கும். தோல் கழன்றதும் மறுபடி விரியும். மற்ற பவளங்கள் நன்றாக இருந்து இது மட்டும் மூடியிருந்தால், நீரோட்டம் சரியாகப் படுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் காத்திருக்கலாம்.

முதல் குற்றவாளி உப்பு!

இப்படி வைத்துக்கொள்வோம். 100 லிட்டர் தொட்டி. வெயில் காலத்தில் மேலே ஃபேன் ஓடுகிறது. தினமும் 2 லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது. குறைந்த அளவை உப்புத் தண்ணீராலேயே நிரப்புகிறார் வீட்டுக்காரர். கடல் தொட்டிதானே, உப்புத் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும் என்பது அவர் நினைப்பு.

இங்கேதான் சிக்கல். ஆவியாவது தண்ணீர் மட்டுமே; உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். 2 லிட்டரில் 70 கிராம். பத்தே நாளில் 700 கிராம் உப்பு கூடுதலாகச் சேர்ந்துவிடும். லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 42 ஆகிவிடும். எந்தப் பவளம் தாங்கும்?

ஆவியான அளவுக்கு ஈடாக எப்போதும் உப்பில்லாத சுத்தமான தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்பு ஏற்கெனவே ஏறிவிட்டதென்றால் ஒரே நாளில் இறக்கக் கூடாது. மேலே சொன்ன தொட்டியில் தினமும் இரண்டரை லிட்டர் அளவுக்கு உப்புத் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே அளவு உப்பில்லாத தண்ணீரைச் சேர்த்தால், ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும்.

உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் நம்பகமானது. ஆனால், அந்தக் கருவியே தவறாகக் காட்டலாம். அதற்கென விற்கும் 35 அளவுத் திரவத்தை விட்டு, மாதம் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம்.

எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

போர் தண்ணீர், கார்ப்பரேஷன் தண்ணீர், லாரித் தண்ணீர் எதுவும் பவளத் தொட்டிக்கு ஆகாது. குளோரின், நைட்ரேட், உலோகங்கள் என எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஆர்.ஓ. தண்ணீரை மேலும் ஒரு டி.ஐ. ஃபில்டரில் விட்டு, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீரே சரியானது.

வீட்டில் குடிக்கிற ஆர்.ஓ. இயந்திரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. உடம்புக்கு நல்லது என்று காப்பர் சேர்க்கும் மாடல்கள் இப்போது நிறைய வருகின்றன. பவளம், நத்தை, இறால் மாதிரியான முதுகெலும்பில்லாத உயிர்களுக்குச் செம்பு விஷம். செம்புக் குடத்துத் தண்ணீரும் கூடாது. மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் கொடுக்கும் மருந்துகள் பலவற்றிலும் செம்பு இருக்கும். அந்த வைத்தியத்தைத் தனித் தொட்டியில்தான் செய்ய வேண்டும்.

எண்கள் பேசட்டும்

பவளத்தைப் பார்த்து ஊகிப்பதைவிட, டெஸ்ட் கிட் வாங்கி அளப்பது மலிவு. பொதுவாகப் பின்பற்றப்படும் அளவுகள் இவை.

* வெப்பம்: 25 முதல் 27 டிகிரி
* உப்பு: லிட்டருக்கு 35 கிராம்
* அம்மோனியா, நைட்ரைட்: பூஜ்யம்
* நைட்ரேட்: 2 முதல் 10
* பாஸ்பேட்: 0.03 முதல் 0.1
* ஆல்கலினிட்டி: 8 முதல் 9 டி.கே.எச்.
* கால்சியம்: 400 முதல் 450
* மெக்னீசியம்: 1,250 முதல் 1,350

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாக இருந்தால் தண்ணீர் படுசுத்தம் என்று பலர் சந்தோஷப்படுகிறார்கள். அது தவறு. இரண்டும் அறவே இல்லாவிட்டால் பவளத்துக்குள் இருக்கும் நுண்பாசிக்குச் சத்து கிடைக்காது, பவளம் வெளிறும். அதுமட்டுமல்ல, டைனோ எனப்படும் பழுப்பு நிறக் கொழகொழப்பு பாறையெல்லாம் படரவும் இது வழிவிடும்.

இன்னொரு விஷயம். எண் சரியாக இருப்பதைவிட நிலையாக இருப்பது முக்கியம். ஆல்கலினிட்டி 7.5-லேயே மாதக்கணக்கில் நின்றால் பவளம் பழகிக்கொள்ளும். இன்று 7, நாளை 10 என்று குதித்தால் தாங்காது. எதைத் திருத்தினாலும் ஒரு நாளைக்கு 1 டி.கே.எச்-க்கு மேல் மாற்றாமல் இருப்பது பாதுகாப்பு.

கொசுவர்த்தி, சாம்பிராணி, கரன்ட் கட்...

புத்தகங்களில் அதிகம் வராத காரணங்கள் நம் வீடுகளில் இருக்கின்றன. தொட்டியின் ஏர் பம்ப்பும் ஸ்கிம்மரும் அறையின் காற்றை இழுத்துத் தண்ணீரில் கலக்கின்றன. அறையில் கொசு விரட்டி ஓடினால் அதுவும் கலக்கும். அதில் இருக்கும் பைரித்ராய்டு வகை ரசாயனங்கள் மீனுக்கும் இறாலுக்கும் கடும் விஷம். கரப்பான் ஸ்ப்ரே, ரூம் ஸ்ப்ரே, பெயின்ட் வாசனை, சாம்பிராணிப் புகை எல்லாமே தொட்டி இருக்கும் அறையில் தவிர்க்க வேண்டியவை. சந்தேகம் வந்தால், புதிய ஆக்டிவேட்டட் கார்பனைப் போட்டு, 15 முதல் 20 சதவிகிதத் தண்ணீரை மாற்றுவது நல்ல முதலுதவி.

ஏப்ரல், மே மாதங்களில் மூடிய அறையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன ஃபேன் வைத்தால் 2, 3 டிகிரி குறையும். அதற்கு மேல் வேண்டுமானால் சில்லர்தான். கரன்ட் போனால் விளக்கைப் பற்றிக் கவலை வேண்டாம்; ஒருநாள் இருட்டு பவளத்தைக் கொல்லாது. நீரோட்டம் நின்று ஆக்ஸிஜன் குறைவதுதான் கொல்லும். இன்வெர்ட்டரில் வேவ்மேக்கரை மட்டுமாவது இணைத்துவிடுங்கள். அதுவும் இல்லையென்றால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

காரணம் தெரிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துச் சரிசெய்யத் தோன்றும். விளக்கைக் குறைத்து, உப்பு பிராண்டை மாற்றி, பவளத்தை இடம் மாற்றி வைத்து, மருந்தும் ஊற்றினால்... தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது. மோசமானாலும் எதனால் என்று தெரியாது.

ஒன்றை மாற்றுங்கள். ஒரு வாரம் பாருங்கள். ஒரு சின்ன நோட்டில் தேதி, வெப்பம், உப்பு, ஆல்கலினிட்டி எழுதிவையுங்கள். வாரம் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். புதிய எல்.இ.டி. விளக்கு வாங்கினால், முதல் நாளே முழு வெளிச்சம் வைக்காமல் மூன்று, நான்கு வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீடா? இதைக் கட்டாயம் படியுங்கள்

பட்டன் பவள வகைகளில், முக்கியமாக பாலித்தோவாவில், பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். வாடிப்போன பவளத்தை அகற்றுகிறேன் என்று பாறையைக் கொதிநீரில் போட்டு, அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. பாறையைக் கொதிக்க வைக்கவோ, காய்ந்த நிலையில் சுரண்டவோ கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்தே தொட வேண்டும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் கைவிடவே கூடாது.

இந்தியாவில் எந்தப் பவளம் வளர்க்கலாம்?

பாறை கட்டும் கல் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறி, கறுப்புப் பவளம் ஆகியவையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. வைத்திருந்தால் 3 முதல் 7 ஆண்டுகள்வரை சிறை. கடற்கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டுக்கும் இது பொருந்தும். கடைக்காரர் என்ன சொன்னாலும் கல் பவளம் வாங்காதீர்கள். பாறைக்கு பதில் செயற்கைப் பீங்கான் பாறைகள் கிடைக்கின்றன. வெளிநாடுகளில் வசிப்பவர்கள், கல் பவளம் வாங்கும் முன் சைட்டிஸ் அனுமதியோடு வந்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி நம் பவளப்பாறைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக அவற்றை வெட்டி எடுத்தார்கள். 1986-ல் அந்தப் பகுதி கடல்வாழ் தேசியப் பூங்காவானது. 1998, 2010, 2016 கோடைகளில் கடல் சூடாகி அங்கே பவளங்கள் வெளுத்தன. தூத்துக்குடியில் ஆய்வாளர்கள் பவளத் துண்டுகளைக் கடலுக்கடியில் நட்டு வளர்த்து வருகிறார்கள்.

வீட்டுத் தொட்டி சூடானால் ஒரு ஃபேனை வைத்துக் குளிர்விக்கலாம். கடலுக்கு அப்படி ஒரு வசதி இல்லை. பவளம் ஏன் மூடிக்கொண்டது என்று கேட்கும் பிள்ளையிடம் தெர்மாமீட்டரையும் நோட்டையும் கொடுத்து, ``வா, சேர்ந்து பார்க்கலாம்'' என்று உட்கார வைத்துப் பாருங்கள். தொட்டியில் தொடங்குகிற அந்தக் கேள்வி, மன்னார் வளைகுடாவரை போகும்.