பில் கேட்க ஏன் தயக்கம்?

இரண்டு பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் ஓர் அக்கா, பூ விற்றுச் சீவிக்க எண்ணி, சீட்டுக் காசில் பத்து ஒட்டு றோசாக் கன்றுகள் வாங்கினார். துணைக்கு நானும் போனேன். வாகனத்தில் வந்தவர்களுக்குக் கதிரை கிடைத்தது. நாங்கள் முக்கால் மணித்தியாலம் வெயிலில் நின்றோம். எந்தக் கன்று நல்லது என்று கேட்டதற்கு, "வாங்கிறதெண்டால் வாங்குங்கோ" என்பதே பதில்.

இரண்டு மாதத்தில் ஆறு கன்றுகளில் ஒட்டு பட்டுப்போய், அடியிலிருந்து காட்டுத்தளிர் ஓங்கியது. திரும்பப் போனோம்.

"இஞ்ச வாங்கினதெண்டதுக்கு என்ன அத்தாட்சி?" என்றார் முதலாளி.

அக்கா தலைகுனிந்தார். நிவாரண வரிசைகளில் பழகிய குனிவு அது. படித்த நானும் பற்றுச்சீட்டுக் கேட்காமல் வந்திருந்தேனே!

கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தரவேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். முறைப்பாட்டை, பொருள் வாங்கி 3 மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அக்கா எழுதிக் கொடுத்தார், நான் சாட்சி. பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

கன்று வாங்கும்போது ஒட்டிய இடத்தைப் பாருங்கள், சகோதரிகளே. தளிர் அதற்கு மேலிருந்து வரவேண்டும். கீழே வருவதை உடனே கிள்ளிவிடுங்கள்.

போன கிழமை மல்லிகைக் கன்றுக்கு வேறு கடைக்குப் போனோம். காசை நீட்டுமுன் அக்காவே கேட்டார்: "தம்பி, பில் போடுங்கோ."