மலைத் தோட்ட ஜீப்புக்குக் கியர் ஆயில் மாற்றும் முறை

நீலகிரியில் விளையும் காரட்டும் முட்டைகோசும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு வருகின்றன. கீழ்ப்பழனி மலையின் வாழைத்தார்கள் சமவெளிச் சந்தைகளுக்கு இறங்குகின்றன. ஏலக்காய் போடிநாயக்கனூர் ஏலத்திற்கு வந்து சேர்கிறது. தோட்டத்திலிருந்து தார்ச்சாலை வரையுள்ள கல்லும் சேறும் நிறைந்த வழியில் இவ்விளைபொருள்களைச் சுமந்து வருபவை பெரும்பாலும் நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஜீப் வகை வண்டிகளே. அறுவடைக் காலத்தில் இவ்வண்டி வழியில் நின்றுவிட்டால், பழுது பார்க்கும் செலவோடு அன்றைய சரக்கின் விலையும் போய்விடும்.

உழவர் பெருமக்களில் பெரும்பாலோர் என்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகின்றனர். ஆனால் கியர் பெட்டி, ஆக்சில் ஆகியவற்றிலுள்ள ஆயிலை, சத்தம் வந்த பிறகே நினைக்கின்றனர். சத்தம் வரும்போது பற்கள் தேய்ந்து விட்டன என்று பொருள். ஒரு கிரவுன் பினியன் மாற்ற ஆகும் செலவில் பல ஆண்டுகளுக்கு ஆயில் மாற்றிக் கொள்ளலாம்.

அமெரிக்க ராணுவத்திற்காக 1941-ஆம் ஆண்டு முதல் பெருமளவில் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பை, இந்தியாவில் 1947-ஆம் ஆண்டு மகிந்திரா நிறுவனம் பொருத்தித் தரத் தொடங்கியது. அதன் வழிவந்த பழைய ஜீப்புகள் அமைப்பில் எளியவை. ஆகவே இவ்வேலையைச் சில கருவிகளைக் கொண்டு வீட்டு வாசலிலேயே ஒரு காலை நேரத்தில் செய்து முடிக்கலாம்.

ஆயில் உள்ள நான்கு இடங்கள்

1. கியர் பெட்டி: கிளட்சுக்குப் பின்னால் உள்ளது.

2. டிரான்ஸ்பர் பெட்டி: கியர் பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும். விசையை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரித்துக் கொடுப்பது இதுவே.

3. பின் ஆக்சிலின் டிஃபரன்ஷியல்.

4. முன் ஆக்சிலின் டிஃபரன்ஷியல்: இது ஆக்சிலின் நடுவில் இராமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும்.

இரு சக்கர இயக்கத்தில் மட்டும் ஓட்டுவோர் முன் ஆக்சிலை மறந்து விடுகின்றனர். அதிலும் நீர் இறங்கும்; அதற்கும் ஆயில் மாற்ற வேண்டும்.

எப்போது மாற்ற வேண்டும்?

வண்டியுடன் வந்த கையேட்டில் கூறப்பட்டுள்ள கிலோமீட்டர் கணக்கே அடிப்படை. ஆனால் மலைத் தோட்ட வண்டிக்கு அது மட்டும் போதாது. தாழ்ந்த கியரில் சுமையுடன் ஊர்ந்து செல்லும் வண்டி ஒரு நாளில் ஓடும் தூரம் குறைவு. பற்சக்கரங்கள் உழைக்கும் நேரமோ அதிகம். ஆகவே கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. வடகிழக்குப் பருவமழை முடிந்து, தை மாதத்தில் மாற்றுவது ஏற்றது.

ஓடையைக் கடக்கும் வண்டிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓடும்போது ஆக்சிலின் உள்ளே உள்ள காற்று சூடேறி விரிகிறது. அந்நிலையில் ஆக்சில் குளிர்ந்த நீரில் மூழ்கினால், காற்று சட்டெனச் சுருங்கி வெளியிலுள்ள நீரைக் காற்றுத் துளை வழியாகவும் தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும் உள்ளே இழுத்துக் கொள்ளும். எனவே ஆக்சில் மூழ்கும் அளவு நீரில் இறங்கிய வண்டியில், நாள் பார்க்காமல் ஆயிலைச் சோதிக்க வேண்டும்.

எந்த ஆயில்?

பழைய ஜீப்புகளுக்குப் பொதுவாக எஸ்.ஏ.இ. 90 அல்லது 80 டபிள்யூ 90 கியர் ஆயில் ஏற்றது. கெட்டித் தன்மையைக் குறிக்கும் இந்த எண்ணோடு, டப்பாவின் மேல் ஜி.எல். 4, ஜி.எல். 5 என்று அச்சிட்டிருப்பதையும் பார்த்து வாங்க வேண்டும்.

டிஃபரன்ஷியலில் உள்ள ஹைப்பாய்டு வகைப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு வழுக்கியும் தேய்கின்றன. அந்த அழுத்தத்தைத் தாங்க ஜி.எல். 5 வகை வேண்டும். கியர் பெட்டியின் உள்ளே பித்தளை வளையங்கள் உள்ளன. ஜி.எல். 5 வகையில் மிகுதியாகச் சேர்க்கப்படும் கந்தக, பாஸ்பரஸ் பொருள்கள் சிலவகை ஆயில்களில் பித்தளையை அரிக்கக் கூடியவை. ஆகவே இத்தகைய கியர் பெட்டிக்கு ஜி.எல். 4 வகையே பாதுகாப்பானது. புதிய வண்டிகள் சிலவற்றின் டிரான்ஸ்பர் பெட்டிக்கு முற்றிலும் வேறான மெல்லிய ஆயில் தேவைப்படும். அவற்றில் கையேட்டை மீறக் கூடாது.

பழைய ஜீப்பில் ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 1 முதல் 2 லிட்டர் வரை கொள்ளும். சரியான அளவைக் கையேட்டில் பார்த்து, சிறிது கூடுதலாக வாங்கிக் கொள்ளலாம். முத்திரை உடையாத டப்பாவாக, ரசீதுடன் வாங்க வேண்டும்.

வண்டியை நிறுத்தும் முறை

ஐந்து, பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்தால் ஆயில் இளஞ்சூடாகி நன்கு வடியும். நீண்ட மலைப்பாதையில் இறங்கி வந்தவுடன் திறக்கக் கூடாது; ஆயில் கையைச் சுட்டுவிடும்.

சமதளமான, கெட்டியான தரையில் நிறுத்தி, கியரில் போட்டு, நான்கு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ஜீப்பின் அடியில் படுத்து வேலை செய்யப் போதிய உயரம் இருப்பதால் ஜாக் வைத்துத் தூக்க வேண்டியதில்லை. தூக்கினால் ஆயில் மட்டமும் தவறாகக் காட்டும்.

இதில் உயிருக்கே ஆபத்தான ஒன்றை அறிந்திருக்க வேண்டும். சில பழைய ஜீப்புகளில் கை பிரேக் சக்கரங்களில் இராது. டிரான்ஸ்பர் பெட்டியின் பின்புறம், பின் ஆக்சிலுக்குச் செல்லும் தண்டில் இருக்கும். அத்தகைய வண்டியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினால் கை பிரேக் பயன்படாது. தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுழல, தரையிலுள்ள சக்கரம் உருண்டு வண்டி நகர்ந்துவிடும். கை பிரேக்கை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் செல்லக் கூடாது.

ஆயிலை வடித்தல்

முதலில் நான்கு இடங்களையும் சுற்றியுள்ள மண்ணையும் பழைய கிரீசையும் கம்பித் தூரிகையால் நீக்கித் துணியால் துடைக்க வேண்டும். பிளக்கைத் திறக்கும்போது ஒரு சிட்டிகை மணல் உள்ளே விழுந்தாலும் அது பேரிங்கைத் தின்றுவிடும்.

அடுத்து, நிரப்பும் பிளக்கை முதலில் கழற்ற வேண்டும். அது திறந்த பிறகே கீழேயுள்ள வடிகால் பிளக்கில் கை வைக்கலாம். பலரும் அவசரத்தில் ஆயிலை முதலில் வடித்து விடுகின்றனர். பிறகு துருப்பிடித்த நிரப்பும் பிளக் அசைய மறுத்தால், ஆயில் இல்லாத வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லவும் முடியாது. பிளக் இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே அதைச் சுற்றி இட்டு வைக்கலாம். பிளக்கின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பேனரையே பயன்படுத்த வேண்டும். உளியும் குழாய்த் திருகியும் தலையைச் சிதைத்துவிடும்.

சில ஆக்சில்களில் வடிகால் பிளக் இராது. அவற்றில் கைப்பம்பினால் ஆயிலை உறிஞ்சி எடுக்கலாம். அல்லது மூடியைக் கழற்றலாம். மூடியைக் கழற்றும்போது மேலுள்ள இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தி மட்டும் விட்டு, மற்றவற்றை எடுத்து, மூடியின் அடிப்பகுதியை மெல்ல நெம்பினால் ஆயில் தட்டில் வடியும். திரும்பப் பூட்டும்போது புதிய கேஸ்கட் போட வேண்டும்.

நான்கு அறைகளையும் ஒரே நேரத்தில் காலி செய்ய வேண்டாம். ஓர் அறையை வடித்து, நிரப்பி, பூட்டி, சாக்பீசால் குறியிட்ட பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். இவ்வாறு செய்தால் எதையும் மறந்துவிட இடமில்லை.

வடிந்த ஆயில் சொல்லும் செய்தி

வடிந்த ஆயிலை உடனே ஊற்றிவிடாமல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

கறுப்பாக இருந்தும் கலங்காமல் இருந்தால் குறையில்லை.

பால் கலந்த காப்பி போல இருந்தால் நீர் இறங்கியிருக்கிறது. புது ஆயில் நிரப்பிச் சிறிது தூரம் ஓட்டி, அதையும் வடித்து, மறுபடி புது ஆயில் நிரப்ப வேண்டும். நீர் வந்த வழியையும் கண்டு அடைக்க வேண்டும்.

பிளக்கில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை போல் இரும்புத் தூள் ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானமே. துடைத்துவிட்டுப் பூட்டலாம்.

விரலுக்குத் தட்டுப்படும் இரும்புச் சில்லோ பல்லின் துண்டோ இருந்தால் ஆயில் மாற்றுவதால் பயனில்லை. வண்டியில் சுமை ஏற்றாமல் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

கியர் பெட்டி ஆயிலில் பொன்னிறப் பொடி மின்னினால் பித்தளை வளையங்கள் தேய்கின்றன.

கியர் பெட்டியில் ஆயில் குறைந்து டிரான்ஸ்பர் பெட்டியில் கூடியிருந்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள சீல் பழுதாகியுள்ளது.

உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது முழுவதும் வடியாமல் மூலைகளில் தங்கிப் புது ஆயிலை நீர்த்துப் போகச் செய்யும். எனவே அதைத் தவிர்க்க வேண்டும்.

புது ஆயிலை நிரப்புதல்

வடிகால் பிளக்கைத் துடைத்துப் பூட்ட வேண்டும். வாஷர் உள்ள பிளக்குக்குப் புதிய வாஷர் போட வேண்டும். கூம்பு வடிவ மரை கொண்ட பிளக்குக்கு வாஷர் தேவையில்லை. அளவுக்கு மேல் முறுக்கினால் பெட்டியே விரிசல் விடும்.

கியர் ஆயில் கெட்டியானது. புனலில் நேராக இறங்காது. ஆயில் கன் கொண்டு செலுத்தலாம். இல்லையெனில் சுத்தமான ரப்பர் குழாயை நிரப்பும் துளையில் விட்டு, மறுமுனையைப் புனலுடன் உயரமாகப் பிடித்து மெதுவாக ஊற்றலாம்.

நிரப்பும் துளையின் கீழ் விளிம்பில் ஆயில் வழியத் தொடங்கினால் அளவு சரி. சுண்டுவிரலை உள்ளே மடக்கிப் பார்த்தால் விளிம்பு மட்டத்தில் ஆயில் படவேண்டும். குறைவாக இருந்தால், மேட்டில் ஏறும்போது பின் ஆக்சிலின் ஆயில் பின்னால் ஒதுங்கி, முன்னாலுள்ள பினியன் பேரிங் காய்ந்து போகும். அதிகமானால் சீலை மீறிப் பிரேக் டிரம்முக்குள் கசிந்து, இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகும்.

ஆக்சிலின் மேல் உள்ள சிறு காற்றுத் துளையையும் இச்சமயத்தில் சுத்தம் செய்ய வேண்டும். அது சேற்றால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி, சரியான அளவில் உள்ள ஆயிலும் சீல் வழியே வெளியேறும்.

வேலை முடிந்ததும் சிறிது தூரம் ஓட்டி வந்து, பிளக்குகளில் கசிவு உள்ளதா என்று பார்க்க வேண்டும். சக்கரங்களின் உட்புறத்திலும், கை பிரேக் டிரம்மிலும் ஆயில் படிந்திருந்தால் சீல்களை மாற்ற வேண்டும். இரண்டு நாள் கழித்து நான்கு இடங்களிலும் மட்டத்தை மறுபடி சோதிக்கலாம். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது.

நான்கு சக்கர இயக்கத்தைச் சேற்றிலும் சரளையிலும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். காய்ந்த தார்ச்சாலையின் வளைவுகளில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியுள்ளது. பழைய ஜீப்பின் டிரான்ஸ்பர் பெட்டி இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுவதால் பற்கள் இறுகி, ஆயில் சூடேறிக் கெடும்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

பழைய ஆயிலை ஓடையிலோ வயல் வாய்க்காலிலோ ஊற்றக் கூடாது. மலையில் ஊற்றியது கீழே உள்ளவர் குடிக்கும் நீரில் கலக்கும். மாட்டின் புண்ணில் தடவுவதும் தவறு. மாடு நக்கினால் நஞ்சு உள்ளே போகும். 2016-ஆம் ஆண்டு வெளியான அபாயகரமான கழிவுகள் மேலாண்மை விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரமான கழிவாகும். மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வைத்து, பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கு அனுப்பும் பட்டறையில் கொடுக்க வேண்டும். ஆயில் பிடித்த பாத்திரத்தைப் பாலுக்கோ மருந்துத் தெளிப்புக்கோ பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டு நன்கு கழுவ வேண்டும்.

நான்கு சக்கர இயக்கம் கொண்ட டிராக்டர் வைத்திருப்போரும் முன் ஆக்சிலுக்கு இதே முறையைக் கையாளலாம். ஆயிலின் வகையும் அளவும் மட்டும் கையேட்டின்படி மாறும். மலை உழவர்கள் தை மாதத்தில் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்கினால், அடுத்த அறுவடையில் வண்டி நடுவழியில் நிற்கும் அபாயத்தைப் பெரிதும் குறைத்துக் கொள்ளலாம்.