மூடி வேர்த்த சோறு

விடியற்காலை 5 மணிக்கு வண்டி எடுக்கிற வீட்டில் 4 மணிக்கே அடுப்பு எரியும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து லாரி வீடுகளில் இது தலைமுறை வழக்கம். இன்றைக்குக் கால்டாக்சி, ஸ்கூல் வேன், பால் வண்டி, குட்டியானை என்று எல்லா ஊரிலும் யாராவது ஒருவருக்கு அந்த நேரத்தில் சோறு தயாராகிக்கொண்டிருக்கிறது. வாரக்கணக்கில் வடக்கே போகிற லாரிக்காரர்கள் அடுப்பும் பாத்திரமும் கூடவே கொண்டுபோய் வழியில் சமைத்துக்கொள்வார்கள். அவர்கள் கதை வேறு. காலையில் போய் ராத்திரி திரும்புகிறவருக்கு வீட்டிலிருந்து கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டைத்தான் நாம் பார்க்கப்போகிறோம். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், நிதானமாகப் பேசலாம்.

கட்டிக்கொடுப்பவர் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. இறக்கிய சூட்டோடு சோற்றை டப்பாவில் போட்டு இறுக்கி மூடிவிட்டால், சூடு இருக்கிறவரைக்கும் கெடாது என்பது அது. கேட்பதற்குச் சரியாகத்தான் படுகிறது. வெளியே அலைகிற மனுஷனுக்குக் கொஞ்சம் சூடாகவாவது கிடைக்கட்டும் என்ற அக்கறையும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆனால் மத்தியானம் 1 மணிக்கு அந்த டப்பாவைத் திறக்கிறபோது சோறு எந்த நிலையில் இருக்கிறது என்று யோசிப்போம். சூடாகவும் இல்லை, ஆறவும் இல்லை. வெதுவெதுப்பாக இருக்கிறது. தொட்டால் இதமாக இருக்கிற அந்த வெதுவெதுப்புதான் சோற்றுக்கு எதிரி.

ஏன் என்று பார்க்க, அரிசியிலிருந்து தொடங்க வேண்டும். மண்ணில் வாழ்கிற பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா நெல்லோடு ஒட்டிக்கொண்டு அரிசிவரை வந்துவிடுகிறது. கழுவினாலும் முழுக்கப் போகாது. உலையில் வேகும்போது அதன் வளரும் செல்கள் செத்துப்போகும். ஆனால் அது ஆபத்துக் காலத்தில் கெட்டியான ஓடு போர்த்திக்கொண்டு ஒருவகை உறக்கத்துக்குப் போய்விடுகிற கிருமி. அந்த நிலைக்கு வித்து என்று பெயர். குதிரில் கிடக்கும் விதைநெல் மாதம் பல ஆனாலும் சும்மா கிடந்து, ஈரமும் பதமான சூடும் கிடைத்ததும் முளைவிடுகிறதல்லவா? இதுவும் அப்படித்தான். கொதிக்கிற தண்ணீரில் கிடந்து தப்பித்து, சூடு இறங்கியதும் விழித்துக்கொள்ளும்.

விழித்த பிறகு அதற்குப் பிடித்த சூடு ஏறத்தாழ 30 முதல் 40 டிகிரி. கிருமிகள் பொதுவாகப் பெருகும் எல்லையை 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை என்று உணவுப் பாதுகாப்புத் துறையில் வைத்துக்கொள்கிறார்கள். 60-க்கு மேலே பெருக முடியாது. 5-க்குக் கீழே ஏறக்குறைய முடங்கிக் கிடக்கும். நல்ல ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்று இரண்டாக 20 நிமிடம், அரை மணி நேரம் போதும். 20 நிமிடம் என்றே கணக்குப் போடுவோம். 6 மணி நேரத்தில் 18 தடவை இரட்டிக்கும். ஒரே ஒரு கிருமி இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும்.

இப்போது டப்பா மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். சூட்டோடு கட்டிய சோற்றிலிருந்து எழுந்த ஆவி மூடியில் பட்டு முத்துமுத்தாக நிற்கும். மூடி வேர்த்திருக்கிறது என்று சொல்வோம். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், அத்தனையும் சோற்றின் மேலேயே சொட்டிவிடும். மேல்சோறு சொதசொதவென்று ஆகிவிடும். நடுச்சோறு இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும், ஏனென்றால் டப்பாவில் ஆழமாக அமுக்கிய சோற்றின் நடுவிலிருந்து சூடு வெளியேற வெகுநேரம் பிடிக்கிறது. கிருமிக்கு வேண்டிய ஈரம், சூடு, நேரம் மூன்றையும் நாமே மூடி போட்டுக் கொடுத்தனுப்பியிருக்கிறோம்.

ஊசிப்போயிருந்தால் வாடை வருமே, நூல் விடுமே, தூக்கிப்போட்டுவிட மாட்டாரா என்று கேட்கலாம். சோற்றை நாறவைக்கும் கிருமிகள் ஒரு கூட்டம், வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இன்னொரு கூட்டம். இரண்டும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை. பேசிலஸ் சீரியஸ் சோற்றில் விட்டுவைக்கும் ஒரு நஞ்சு வாடையே இல்லாமல் இருக்கும். அந்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. அதனால் சாயங்காலம் தாளித்து, கிளறி, ஆவி பறக்கச் சாப்பிட்டாலும் பயனில்லை. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களில் சாப்பிட்டவர்கள் அடுத்தடுத்து வாந்தியெடுத்தபோதுதான் இது பரவலாகத் தெரியவந்தது. முந்தின நாள் வடித்து வெளியிலேயே வைத்திருந்த சோற்றை மறுநாள் எண்ணெயில் பிரட்டிக் கொடுத்திருந்தார்கள். சாப்பிட்ட அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிடும். வீட்டில் என்றால் படுத்துக்கொள்ளலாம். ஆட்களை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறவர் என்ன செய்வார்?

சரி, ஆறவைத்துக் கட்டிவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுவும் முழுப்பதில் ஆகாது. நம் ஊர் வெயில்காலத்தில் நன்றாக ஆறிய சோறே 33, 34 டிகிரியில்தான் நிற்கும். அது கிருமிக்கு மிகவும் பிடித்த இடம். அமெரிக்க வேளாண்துறை சமைத்த உணவை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறது; காற்று 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். அந்தக் கணக்கில் நமக்குப் பெரும்பாலான நாள் அந்த 1 மணி நேரம்தான். ஆகவே வெறும் சோறும் குழம்பும் கட்டுவதென்றால் வழி ஒன்றுதான்: 60 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாமல் சூட்டிலேயே காப்பாற்ற வேண்டும். அது முடியாவிட்டால் சோற்றைப் புளிப்பாக்கவோ உலர்த்தவோ வேண்டும்.

முதலில் சூட்டு வழி. கடையில் ஹாட் பாக்ஸ் என்று விற்பதெல்லாம் வெகுநேரம் சூட்டைக் காப்பதில்லை. மேசையில் வைத்து ஒரு மணி நேரத்தில் பரிமாறிவிட அவை போதும். காலை 5 முதல் பகல் 12 வரை தாங்கும் என்று நம்பக் கூடாது. இதற்கு வேண்டியது எவர்சில்வரில் இரட்டைச் சுவரும் நடுவில் காற்றில்லாத இடைவெளியும் உள்ள அகலவாய் பிளாஸ்க். வாங்கியதும் ஒரு சோதனை செய்யலாம். கொதிக்கிற தண்ணீரை நிரப்பி மூடி, கட்டுகிற நேரத்துக்கும் சாப்பிடுகிற நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு நேரம் வைத்துவிட்டு, சமையல் தெர்மாமீட்டரால் பாருங்கள். தண்ணீரே 60-க்குக் கீழே போயிருந்தால் சோற்றைக் கேட்கவே வேண்டாம். தினமும் கட்டும்போது முதலில் 10 நிமிடம் கொதிநீர் ஊற்றிப் பிளாஸ்கைச் சூடேற்றி, கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்க விளிம்புவரை நிரப்ப வேண்டும். பாதி காலியாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். உதிரியான சோற்றைவிடத் தளரச் செய்த சாம்பார் சாதமோ பொங்கலோ சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கும். ஒரு தடவை திறந்தால் அங்கேயே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

இரண்டாவது வழி நம் பாட்டிமார்கள் கட்டுச்சோற்றில் எப்போதோ கண்டுபிடித்து வைத்தது. கிருமிகளைப் பற்றிப் படித்தவர்கள் அல்ல அவர்கள். ஆனாலும் மாட்டுவண்டிப் பயணத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த புளியோதரையையும் எண்ணெய்ப் பொடி தடவிய இட்லியையும் பார்த்தால் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது. புளிப்பு மிகுந்த இடத்தில் நாம் பார்த்த கிருமிக்குப் பெருக்கம் கிடையாது. புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிடுவதால் தண்ணீரும் வற்றிவிடுகிறது. ஆனால் பேருக்கு இரண்டு கரண்டி கலந்து வெளிறிப்போன புளிச்சோறு இந்த வேலையைச் செய்யாது. நாக்கு சுருக்கென்று உணரவேண்டும். சோற்றைத் தாம்பாளத்தில் விரல் கனத்துக்குப் பரப்பி, மின்விசிறியடியில் ஆவி அடங்கும்வரை விட்டுப் பிறகு கலக்க வேண்டும். பரப்புகிற கனம் குறையக் குறைய ஆறும் நேரமும் வெகுவாகக் குறையும் என்பதால் 4 மணி அவசரத்திலும் இது சாத்தியம்தான். கலக்குவதற்குக் கரண்டி போதும். நம் கையிலும் மூக்கிலும் சாதாரணமாகவே குடியிருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவும் சூட்டில் அழியாத நஞ்சை உண்டாக்கக்கூடியது. வெந்த சோற்றில் வெறுங்கை படாமலிருப்பது நல்லது.

தயிர்சாதம் இதில் தனி ரகம். சோற்றைக் குழைய மசித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் காய்ச்சிய பாலும் தயிரும் சேர்த்துக் கரண்டியால் கலந்து மூடிவிட்டால் போகிற வழியிலேயே உறைந்து, பகலில் அதிகம் புளிக்காமல் இதமாக இருக்கும். வெதுவெதுப்பு எதிரி என்றோமே, இங்கே மட்டும் அது நமக்கு வேலை செய்கிறது. தயிரில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அந்தச் சூட்டில் முந்திக்கொண்டு பெருகிப் புளிப்பை உண்டாக்குகின்றன. அவை முந்த வேண்டுமானால் ஆரம்பத்திலேயே ஆள்பலம் வேண்டும். பாலுக்குச் சமமாகத் தயிர் விடுங்கள். சோறு கொதிக்கிற சூட்டில் இருக்கும்போது தயிரைச் சேர்த்தால் அவை செத்துப்போய், பால்சோறுதான் மிஞ்சும்.

கட்டக் கூடாதவையும் உண்டு. தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, உருளைக்கிழங்கு மசால், பருப்புக் கடைசல் எல்லாம் ஈரமும் சத்தும் நிறைந்தவை. பிளாஸ்க் சூட்டில் இல்லாவிட்டால் மத்தியானத்துக்கு வேண்டாம். சட்னிக்குப் பதில் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி. அவித்த முட்டையும் சுண்டலும் அருமையான புரதம்தான், ஆனால் புறப்பட்டதும் முதல் டீக்கு நிறுத்துகிற இடத்திலேயே முடித்துவிட வேண்டும். முட்டையை உரிக்காமல் கொடுங்கள். நாள் முழுக்கத் தாங்குவது வறுத்த வேர்க்கடலை, உப்புக்கடலை, பொட்டுக்கடலை மாவும் வெல்லமும் பிடித்த உருண்டை. பழத்தை நறுக்கிக் கொடுக்காமல் வாழைப்பழம், கொய்யா, ஆரஞ்சு என்று முழுசாகக் கொடுங்கள். தோலே அதற்கு மூடி.

எது கட்டினாலும் டேஷ்போர்டு மேல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் வெளியே இருப்பதைவிட 20 டிகிரி கூடிவிடும். அதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறிவிடும். சீட்டுக்குக் கீழே, எஞ்சின் சூடு படாத பக்கம், ஈரத்துணி சுற்றி வைப்பது எவ்வளவோ மேல்.

கெடாமல் இருந்தால் மட்டும் போதாது, ஓட்டுகிறவர் உடம்புக்கும் ஒத்துவர வேண்டும். பகல் 2 முதல் 4 வரை சாப்பிடாவிட்டாலும் உடம்பின் கடிகாரம் தூக்கத்தைக் கொண்டுவரும். அதன்மேல் ஒரு குத்துப்போணிச் சோறும் இறங்கினால் கண் சொக்கும். ஆகவே மத்தியானச் சாப்பாட்டை இரண்டு சின்ன டப்பாவாகப் பிரித்து, 12 மணிக்கு ஒன்றும் 3 மணிக்கு ஒன்றும் என்று சொல்லிக் கொடுங்கள். ஒரே டப்பாவில் பாதி தின்று மூடிவைக்கிற எச்சில் தொல்லையும் இதில் தீர்ந்துவிடுகிறது. 3 மணி டப்பாவில் புளிச்சோறோ, சப்பாத்தியும் எலுமிச்சை ஊறுகாயுமோ இருக்கட்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவராக இருந்தால் வேளை தவறவே கூடாது, ஸ்டீயரிங் பிடித்திருக்கும்போது சர்க்கரை இறங்குவது மிகவும் ஆபத்து. கைக்கெட்டுகிற இடத்தில் ஒரு பொட்டலம் குளுக்கோஸ் இருக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் ஓட்டுகிறவர்கள் பலர் தங்களையே ஏமாற்றிக்கொள்வார்கள். ஒதுங்க இடமில்லை என்று குடிக்காமலே ஓட்டி, வருஷக்கணக்கில் சேர்த்துச் சிறுநீரகக் கல்லோடு வந்து நிற்பார்கள். ஓட்டுபவர் பெண்ணாக இருந்தால் இந்தத் தயக்கம் இன்னும் கூடுதல். குடிக்கிற பாட்டிலோடு கை கழுவ இன்னொரு பாட்டிலும், ஒரு சோப்புத் துண்டும், ஸ்பூனும் வைத்துவிடுங்கள். டீசலும் ரூபாய் நோட்டும் டயரும் தொட்ட கைக்கு இது வேண்டும்.

ராத்திரி டப்பா திரும்பி வந்ததும், மிச்சச் சோறு இருந்தால் மனசு கேட்காமல் தாளிக்கப் போகாதீர்கள். ஏன் என்று இப்போது நமக்குத் தெரியும். எவ்வளவு மிஞ்சியது, எந்த டப்பாவில் மிஞ்சியது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்த அளவு குறைத்து அரிசி போடலாம். பிறகு மூடியிலுள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தைப் பழைய பிரஷால் தேய்த்து, டப்பாவையும் மூடியையும் தனித்தனியாகக் கவிழ்த்துவிடுங்கள், காலை 4 மணிக்குள் நன்றாகக் காய்ந்திருக்கும்.