‘மைசெல்ஃப்’ செய்த பாவம் என்ன?

கேம்பஸ் இன்டர்வியூ சீஸன் நெருங்குதா? அப்ப இந்த சீனை நீங்களும் கட்டாயம் பார்த்திருப்பீங்க.

செமினார் ஹால். மாக் இன்டர்வியூ. கழுத்தை இறுக்கும் டை, பக்கத்து ரூமில் கடன் வாங்கிய ஷூ சகிதம் என் ரூம்மேட் எழுந்து நிற்கிறான். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். மேத்ஸில் புலி. எங்க ரூமில் பாதிப் பேர் அரியர் இல்லாம நடமாடுறதே அவன் புண்ணியத்துலதான். ‘‘மைசெல்ஃப்...’’ என்று ஆரம்பித்து அவன் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் பின் பெஞ்சில் இருந்து ‘கெக்கே பிக்கே’ சிரிப்பு. வெளியே இருந்து வந்திருந்த ட்ரெய்னர் கையைக் காட்டி நிறுத்தினார். ‘‘இந்த ஒரு வார்த்தையைச் சொன்னா, அங்கேயே உன் ரெஸ்யூமை மூடி வெச்சிடுவாங்க. நெக்ஸ்ட்!’’

அவ்வளவுதான். ஏன் தப்பு, எது சரி... மூச்!

அடுத்த வாரம் அதே ஹால், அதே டை. இந்த முறை பையன் உஷார். ‘‘சார், ஐ வில் இன்ட்ரொட்யூஸ் மீ’’ என்றான். முன்னைவிடப் பெரிய சிரிப்பு. எங்கே ‘மைசெல்ஃப்’ வந்தே ஆகணுமோ, அங்கே பயந்துபோய் அதைத் தூக்கிட்டான் பாவம். அன்னிக்கு ராத்திரி மெஸ்ஸுக்கும் வரலை. ‘‘போட்டாலும் சிரிக்கிறானுங்க, எடுத்தாலும் சிரிக்கிறானுங்க. அப்ப அதை எங்கதான்டா போடணும்?’’ என்று அவன் கேட்டப்ப எனக்குப் பதில் தெரியலை. இத்தனைக்கும் நான் எல்.கே.ஜி-யில் இருந்தே இங்கிலீஷ் மீடியம். முதல் வாரம் சிரிச்ச கோஷ்டியில் நானும் ஒருத்தன்.

குற்ற உணர்ச்சி சும்மா விடுமா? ஃபர்ஸ்ட் இயரில் எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்த மேடத்தின் ரூம் வாசலில் போய் நின்றேன். அவங்க இங்கிலீஷில் ஆரம்பிப்பாங்கன்னு பார்த்தா, ஆரம்பிச்சது தமிழில். ‘‘தலையில மண்ணை வாரிப் போட்டான்... தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டான்... ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?’’

அட! முதல் வாக்கியத்தில் மண் யார் தலையிலும் விழலாம். ரெண்டாவதில் போட்டவன் தலையிலேயேதான் விழும். இத்தனைக்கும் ‘தன்’ என்ற வார்த்தையே அதில் இல்லை. எல்லாம் அந்தக் குட்டியூண்டு ‘கிட்டான்’ பண்ற வேலை. எழுத்துத் தமிழில் ‘கொண்டான்’. செஞ்ச வேலை செஞ்சவன்கிட்டேயே திரும்பி வருதுன்னு தமிழில் வினைச்சொல்லே சொல்லிடுது. ‘அறிமுகப்படுத்திக்கிறேன்’, ‘அடிபட்டுக்கிட்டேன்’, ‘தேத்திக்கிட்டேன்’... எல்லாத்துலயும் இது ஒளிஞ்சிருக்கு.

இங்கிலீஷில் அப்படி ஒளிச்சு வைக்க வினைச்சொல்லில் இடம் கிடையாது. அதனால் வினைக்குப் பின்னாடி தனி வார்த்தையா வைக்கிறாங்க: ‘ஐ ஹர்ட் மைசெல்ஃப்’, ‘ஷி இன்ட்ரொட்யூஸ்ட் ஹெர்செல்ஃப்’. முன்னாடி ‘ஐ’ இருந்தாத்தான் பின்னாடி ‘மைசெல்ஃப்’ வரும். ஆள் இருந்தாத்தானே கண்ணாடியில் பிம்பம்? ‘மைசெல்ஃப் செந்தில்’ என்பதில் ஆளும் இல்லை, வினையும் இல்லை. பிம்பம் மட்டும் தனியா நின்னு வணக்கம் சொல்லுது!

(கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்கு மட்டும்: சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் ‘திஸ்’ஸை கம்பைலரே உள்ளுக்குள்ள அனுப்பிடும். பைத்தானில் மெத்தட் எழுதும்போது ‘செல்ஃப்’ஐ நாமதான் டைப் பண்ணணும், மறந்தா எர்ரர். தமிழ் முதல் ரகம், இங்கிலீஷ் ரெண்டாவது. மெக்கானிக்கல் நண்பர்கள் மன்னிக்க.)

சரி, அந்த ‘மைசெல்ஃப் செந்தில்’ எங்கிருந்துதான் முளைச்சது? நான் யோசிச்ச வரை, இது நம்ம தமிழ்ல இருந்து வந்த வினை. ‘நான் செந்தில்’ என்பது தமிழில் முழு வாக்கியம். ‘ஆம்’, ‘இஸ்’ மாதிரி எதுவும் தேவையே இல்லை. அந்தப் பழக்கத்தில் ‘ஆம்’ காணாமப் போச்சு. அப்புறம், சின்ன கிளாஸில் நாம மனப்பாடம் பண்ணின கட்டுரைக்குத் தலைப்பே ‘மைசெல்ஃப்’தானே? போதாக்குறைக்கு இன்டர்வியூவில் முதல் கேள்வியே ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’. ‘யுவர்செல்ஃப்’னு கேட்டா ‘மைசெல்ஃப்’னு பதில் வர்றது நியாயம்தான், இல்லையா? வெறும் ‘ஐ’யைவிட அது கொஞ்சம் மரியாதையாவும் காதில் விழுது. ஆனா இந்திக்காரங்களும் தாராளமா இதையே சொல்றதால, பழியைத் தமிழ் மேல மட்டும் போட முடியாது.

‘அப்ப கிட்டேன் வந்தா செல்ஃப் போட்டுடலாமா?’ என்று நான் ஃபார்முலா போட, மேடம் சிரித்துவிட்டார். ‘காதலர்கள் பார்த்துக்கிட்டாங்க’ என்பதை ‘லவர்ஸ் லுக்ட் அட் தெம்செல்வ்ஸ்’ என்று எழுதினால், ரெண்டு பேரும் தனித்தனியா கண்ணாடி பார்த்து தலை சீவுற மாதிரி ஆகிடும். அங்கே ‘ஈச் அதர்’தான் வரணும். ‘நீச்சல் கத்துக்கிட்டேன்’னா ‘ஐ லேர்ன்ட்’ மட்டும் போதும். விருந்துக்குப் போன வீட்டில் ‘ஹெல்ப் யுவர்செல்ஃப்’ என்றால் ‘உனக்கு நீயே உதவி செய்’னு அர்த்தம் இல்லை, நம்ம ஊர் ‘போட்டுக்கோங்க’தான் அது. கவனிச்சீங்களா, அதுலயும் அதே ‘கொள்’!

டூர் போயிட்டு வந்து ‘வீ என்ஜாய்ட் எ லாட்’ என்போம். எதை? ‘என்ஜாய்’க்குப் பின்னாடி ‘த ட்ரிப்’னு ஏதாவது வரணும், இல்லேன்னா ‘அவர்செல்வ்ஸ்’ வரணும். ‘அவெய்ல் த ஆஃபர்’ நம்ம ஊர் விளம்பரங்களில் சர்வ சாதாரணம். வெளிநாட்டுப் புத்தகங்களில் ‘அவெய்ல் யுவர்செல்ஃப் ஆஃப்’ என்றுதான் இருக்கும். ‘ப்ரைட்’ஐ வினையா போட்டாலும் கூடவே ‘மைசெல்ஃப்’ வரணும். ஷேவ் பண்றது, குளிக்கிறது, டிரஸ் போடுறது விஷயத்தில் மட்டும் வெள்ளைக்காரன் ‘செல்ஃப்’ஐ விட்டுடுறான். ‘ஐ ஷேவ்ட்’ போதும். ஆனா கை ஒடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு முதல் முறையா தானே சட்டை போட்டவனுக்கு மட்டும் ‘ஹி டிரெஸ்ட் ஹிம்செல்ஃப்’. ‘பை மைசெல்ஃப்’ வேற ரகம். அது ‘தனியா, யார் துணையும் இல்லாம’. காசு கொடுத்து வாங்கின ப்ராஜெக்டைக் காட்டி ‘ஐ டிட் இட் பை மைசெல்ஃப்’ என்றால் இலக்கணம் சரி... மத்தது உங்க மனசாட்சி!

ஒரு இடத்தில் இங்கிலீஷ் ரொம்ப கறார். ‘ரவி தன்னைத் திட்டினதா குமார் சொன்னான்’. தமிழில் திட்டு வாங்கினது குமார். இதையே ‘குமார் செட் ரவி ஸ்கோல்டட் ஹிம்செல்ஃப்’ என்றால் ரவி தன்னையே திட்டிக்கிட்டான்னு கதை மாறிடும். குமாரைத் திட்டினான்னு சொல்ல வெறும் ‘ஹிம்’ போடணும். போலீஸ் கம்ப்ளெயின்ட்டில் மாத்தி எழுதினா என்ன ஆகும்னு யோசிங்க.

இவ்வளவு ரூல் பேசும் இங்கிலீஷ் மட்டும் ஒழுங்கானு கேட்காதீங்க. ‘மை’, ‘யுவர்’ரோட ‘செல்ஃப்’ சேர்த்தவங்க, அதே கணக்கில் ‘ஹிஸ்செல்ஃப்’னுதானே சொல்லணும்? சொல்றது ‘ஹிம்செல்ஃப்’. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில் இந்த வேலைக்குத் தனி வார்த்தையே கிடையாது. ‘ஹிம்’தான் ரெண்டுக்கும். ‘செல்ஃப்’ அப்ப வெறும் அழுத்தம் கொடுக்க வந்த வார்த்தை, நாம ‘அவனே’ன்னு ஏகாரம் போடுற மாதிரி. அயர்லாந்தில் இன்னிக்கும் வீட்டுப் பெரியவரையோ முதலாளியையோ ‘இஸ் ஹிம்செல்ஃப் இன்?’ என்று விசாரிக்கிற வழக்கம் உண்டு. அதைக் கேட்டு யாரும் ரெஸ்யூமை மூடுறதில்லை. இதைப் படிச்சதும் எனக்கு அந்த ட்ரெய்னர் மேலதான் கோபம் வந்தது. ரெண்டு நிமிஷம் ஒதுக்கி, போர்டில் ‘ஐ ஆம்’னு எழுதிக் காட்டியிருந்தா வேலை முடிஞ்சிருக்கும்.

மேடம் சொன்ன மண் உதாரணத்தை அன்னிக்கு ராத்திரியே ரூமில் ஒப்பிச்சேன். பையன் கப்புனு பிடிச்சுக்கிட்டான். அடுத்த ரெண்டு நாளும் ‘ஐ ஆம்... லெட் மீ இன்ட்ரொட்யூஸ் மைசெல்ஃப்’ என்று பக்கெட்டும் கையுமா பாத்ரூம் க்யூவில்கூட ஒரே ப்ராக்டீஸ். போன மாசம் நிஜ இன்டர்வியூ. நாங்க எல்லாரும் ப்ளேஸ்மென்ட் செல் வாசலில் காத்திருக்க, வெளியே வந்தவன் சிரிப்பை அடக்க முடியாம சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

‘‘என்னடா, செலெக்டா?’’

‘‘ரிசல்ட் நாளைக்குத்தான்டா. கடைசியில அந்த ஹெச்.ஆர். என்ன சொன்னார் தெரியுமா? ‘இஃப் யூ ஹேவ் எனி டவுட், ப்ளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்’!’’