உஷார்! சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்

புதுக்கோட்டை ஆலங்குடி சாலையில் ஒரு புளியமரத்தடி. வெள்ளைச் சின்ன கார். 2020 மாடல், சிங்கிள் ஓனர், மீட்டரில் 31 ஆயிரம் கிலோமீட்டர். மற்ற இடங்களில் மூன்றேகால் லட்சம் சொல்கிற வண்டியை, அங்கே பழைய கார் விற்கும் ஆட்டோ கன்சல்டிங்காரர் இரண்டு அறுபதுக்குத் தருகிறேன் என்றார். மாப்பிள்ளை, அதாவது என் தங்கை வீட்டுக்காரர், அட்வான்ஸ் எடுக்கப் பைக்குள் கையை விட்டுவிட்டார்.

நாங்கள் கூட்டிப் போயிருந்த மெக்கானிக் பானெட்டைத் திறக்கவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை மெதுவாக இழுத்தார். ஒரு முழம், இரண்டு முழம், இனி வராது என்கிற வரைக்கும். நாம் மாட்டும்போது எப்போதும் உள்ளேயே சுருண்டு கிடக்கும் அந்தக் கடைசிப் பகுதியில், காப்பி சிந்திக் காய்ந்த மாதிரி ஒரு பழுப்புக் கோடு. விரலால் தேய்த்தார். பொடி ஒட்டியது.

“முங்கிக் குளிச்ச வண்டிண்ணே இது.”

“மழையில கண்ணாடிய ஏத்தாம விட்டிருப்பாங்க சார்” என்றார் கன்சல்டிங்காரர். சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே இன்னும் இருபதாயிரம் குறைத்தார். வேறு சாட்சி எதற்கு?

நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். பத்தே நாளில் அந்த வண்டி விற்றுப்போனது. அதை வாங்கியவருக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு வீட்டில் முதல் கார் வாங்கும்போது ஊரே கூடி யோசிக்கும். மாமா வருவார், சிங்கப்பூரிலிருந்து தம்பி வீடியோ கால் போடுவான், ஏர்பேக் எத்தனை என்று எண்ணுவார்கள். இரண்டாவது கார் அப்படி இல்லை. “டியூஷனுக்கு, மார்க்கெட்டுக்கு, கீரனூர் வரை போய்வர ஒரு வண்டி, அவ்வளவுதானே” என்பார்கள். அந்தப் பழைய வண்டியும் ஓய்ந்து, மாற்று தேடும்போது இன்னும் அலட்சியம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் தினமும் போவது எந்த வண்டியில்? அந்த இரண்டாவது வண்டியில்தான். நல்ல வண்டி வாரத்துக்கு ஒருமுறை திருச்சி போய்விட்டு வந்து கவர் போர்த்திக்கொண்டு நிற்கிறது.

தண்ணீர் கதைக்கு வருவோம். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையில் கார்கள் காகிதக் கப்பல் மாதிரி அடித்துப் போனதை நாம் எல்லாரும் பார்த்தோம். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் அடுக்குமாடி வீடுகளின் கீழே நின்றவை அப்படியே மூழ்கின. அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அடுத்த ஆண்டு நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் அரை மீட்டர் மழை கொட்டியது. இந்த மழைகளில் நனைந்த கார்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டன என்றா நினைக்கிறீர்கள்?

பழுது பார்க்கும் செலவு, பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி அதை மொத்த நஷ்டம் என்று முடித்து, பணத்தைக் கொடுத்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். எடுக்கிறவர் பிரித்து உதிரி சாமானாக விற்கலாம். காய வைத்து, கழுவி, சென்ட் அடித்து மறுபடி ரோட்டில் விடவும் ஆள் உண்டு. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி வைத்திருந்தவருக்குக் கம்பெனி ஒரு பைசா தராது. அவர் வந்த விலைக்குத் தள்ளிவிடத்தான் பார்ப்பார். நனைந்ததை விற்பது தப்பில்லை, நனைந்ததை மறைப்பதுதான் தப்பு. மறைக்க வசதியான இடம் எது? வெள்ளம் வராத ஊர். கண்மாய் நிறையாதா என்று வானத்தைப் பார்க்கிற புதுக்கோட்டை மாவட்டத்துக்காரருக்கு, ‘இந்தக் காருக்குள் தண்ணீர் போயிருக்குமோ’ என்ற கேள்வியே தோன்றாது.

நம்பர் பிளேட்டை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். டி.என்.14 சோழிங்கநல்லூர், டி.என்.69 தூத்துக்குடி என்பதாலேயே வண்டி கெட்டது ஆகிவிடாது. டி.என்.55 என்பதால் நம்ம ஊர் வண்டி என்று நம்பவும் வேண்டாம். புதுக்கோட்டையில் பதிந்து சென்னையில் ஓடிய வண்டிகள் எத்தனையோ.

துருவைக் காட்டினால் தரகரிடம் தயாராக ஒரு பதில் இருக்கும்: “மணமேல்குடி பக்கம் ஓடின வண்டிண்ணே, உப்புக்காத்து.” கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் உப்புக்காற்று வண்டியைத் தின்பது உண்மைதான். ஆனால் உப்புக்காற்றுத் துரு முதலில் வெளியேயும் அடியிலும் பிடிக்கும். வெள்ளத் துரு உள்ளே இருக்கும். சீட் நகரும் இரும்புத் தண்டவாளத்தில், பிரேக் பெடல் மூட்டில், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிற சின்னச் சின்ன ஸ்குரூ தலைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். கால் மிதியடி கார்ப்பெட்டைத் தூக்கிக் கீழே உள்ள பஞ்சை அமுக்குங்கள். ஸ்டெப்னி டயரை எடுத்துவிட்டு அந்தக் குழியைத் தடவுங்கள். இன்னொன்று, காலையில் குளிப்பாட்டி வைத்த வண்டியைப் போய்ப் பார்க்காதீர்கள். மத்தியான வெயிலில் கண்ணாடி ஏற்றி ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டுக் கதவைத் திறந்தால், எந்த சென்ட்டையும் மீறிச் சேற்று வாடை எழும்பும்.

நனைந்த வண்டி வாங்கிய அன்றைக்கே நிற்காது, அதுதான் ஆபத்து. ஒயர்கள் சேரும் கனெக்டருக்குள் ஈரம் தங்கி, செம்பு பச்சை பூத்து, ஆறு மாதம் ஒரு வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். ஏர்பேக்கை வெடிக்கச் சொல்லும் பெட்டி பெரும்பாலான கார்களில் இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே, தரையை ஒட்டி இருக்கிறது. காருக்குள் தண்ணீர் ஏறினால் முதலில் மூழ்குகிற சாமான்களில் அதுவும் ஒன்று!

சாவியைத் திருப்பினதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் பழுது. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம். யாரோ விளக்கின் இணைப்பைப் பிடுங்கியிருக்கலாம். பெரிய விபத்தில் ஏர்பேக் வெடித்த வண்டிகளில் புதிதாக மாட்ட ஆகும் செலவைப் பார்த்துவிட்டு, வெறும் மூடியை ஒட்டி விற்பதும் நடக்கிறது. இன்னும் பழைய மாடல் என்றால் ஏர்பேக் இருக்கிறதா என்பதே கேள்வி. எல்லாக் கார்களிலும் ஓட்டுநர் பக்கம் ஒன்று கட்டாயம் என்று ஆனதே 2019 ஜூலையில்தான். பக்கத்து சீட்டுக்கு வர அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. 2017, 18 மாடலில் விலை குறைந்த ரகத்தை எடுத்தால் இரண்டுமே இல்லாமல் போகலாம். பிள்ளைகளை அனுப்பவா அது?

மீட்டரைப் பின்னால் ஓட்டுவது பழைய வித்தை. 31 ஆயிரம் மட்டுமே ஓடிய வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழவழப்பாகத் தேயாது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 3523 என்றால் 2023-ஆம் ஆண்டு 35-ஆவது வாரத்தில் செய்தது. 2020 வண்டி, முப்பதாயிரம்தான் ஓடியது, ஆனால் நாலு டயரும் 2023 என்றால் முதல் செட் எங்கே போனது என்று கேளுங்கள்.

என்னைக் கேட்டால் டார்ச்சைவிடக் கூர்மையான கருவி பழைய இன்சூரன்ஸ் பாலிசிதான். அதில் ‘நோ கிளைம் போனஸ்’ என்று ஒரு சதவீதம் இருக்கும். க்ளைம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் 20, 25, 35, 45 என்று ஏறி 50-இல் நிற்கும். “அஞ்சு வருஷமா ஒரு கீறல் இல்ல சார்” என்கிறவரின் பாலிசியில் அது சுழியாக இருந்தால், போன வருடம் என்ன நடந்தது? பாலிசி இடையில் விட்டுப்போயிருக்கலாம், பெயர் மாறியிருக்கலாம், க்ளைம் வாங்கியிருக்கலாம். பதிலை அவரே சொல்லட்டும். பாலிசி காப்பியைக் காட்ட மறுத்தால் வண்டியைப் பார்ப்பதே வீண்.

கம்பெனி இங்கே கடையை மூடின வண்டி மலிவாகக் கிடைக்கும். செவர்லே 2017-ஓடு விற்பனையை நிறுத்தியது, டாட்சன் 2022 ஏப்ரலில் போனது, ஃபோர்டின் மறைமலைநகர் ஆலையில் கடைசிக் கார் 2022-இல் இறங்கியது. ஓட்ட நல்ல வண்டிகள்தான், சாமானும் கிடைக்கிறது. எத்தனை நாளில் கிடைக்கும் என்பதுதான் சிக்கல். ஒரு பம்பருக்குத் திருச்சிக்கும் மதுரைக்கும் போன் போட்டுக் காத்திருக்கிற பொறுமை உள்ளவர்கள் எடுக்கலாம். ‘பி.ஒய்.’ நம்பர் புதுவை வண்டி குறைந்த விலைக்கு வந்தால் அங்கே என்.ஓ.சி. வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, நம்பர் மாற்றும் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

விலையிலும் ஏமாற்று. 2025 செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டர் நீளத்துக்கு மேற்படாத 1200 சி.சி. வரையிலான பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மூன்றரை லட்சத்துக்கு அருகில் ஷோரூம் விலை ஆரம்பிக்கிற புதுக் கார்களே அப்போது வந்தன. ஆனால் பழைய வண்டி விற்கிறவர்கள் சிலர் இன்னும் வரி குறைவதற்கு முந்தைய ஷோரூம் விலையை வைத்தே கணக்குச் சொல்கிறார்கள். நாலு லட்சத்துக்கு ஏழு வருட வண்டியை எடுக்குமுன் ஷோரூம் வாசலையும் ஒரு தடவை மிதித்துவிடுங்கள்.

இதெல்லாம் வருகிற வண்டி. போகிற வண்டியைப் பற்றி யாருமே கவலைப்படுவதில்லை, எனக்குப் பயம் அங்கேதான்.

வழக்கமாக நடப்பது இது. பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் விடுகிறீர்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30, தேதி போடாமல், வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்து. ஆர்.சி. புக்கையும் கொடுத்துவிட்டு, பணத்தை எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்து மறந்துவிடுகிறீர்கள். அந்தக் காகிதத்தோடு வண்டி கறம்பக்குடிக்குப் போகும், அங்கிருந்து தேவகோட்டை, அப்புறம் எங்கேயோ. ஒவ்வொரு கையிலும் பேர் மாற்றும் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள். ஆர்.சி.யில் பெயர் உங்களுடையது. இ-சலான் உங்கள் போனுக்கு வரும். அதுகூடப் பரவாயில்லை. அந்த வண்டி யாரையாவது இடித்தால்?

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதே மாதிரி ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 2009 விபத்து, அதற்குள் வண்டி பல கை மாறியிருந்தது, ஆர்.சி.யில் மட்டும் முதலில் விற்றவரின் பெயர். சட்டத்தின் கண்ணில் பதிவேட்டில் இருப்பவர்தான் உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்கே என்றது நீதிமன்றம். ‘எப்போதோ விற்றுவிட்டேன்’ என்ற வாதம் எடுபடவில்லை.

மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்துக்குள் விற்றால் விற்கிறவர் 14 நாளில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; வாங்குகிறவருக்கு 30 நாள். கன்சல்டிங்கில் விடுவதானால், 2023 ஏப்ரல் முதல் ஒரு விதி உண்டு: ஆர்.டி.ஓ. கொடுத்த டீலர் அங்கீகாரச் சான்று உள்ளவரிடம் விட்டு, ஃபார்ம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால், அன்றிலிருந்து வண்டிக்கு அவர்தான் பொறுப்பு. சான்றைக் காட்டச் சொல்லுங்கள். சிரித்து மழுப்பினால் வண்டியை வீட்டுக்கே ஓட்டி வந்துவிடுங்கள். நீங்கள் வாங்குகிற வண்டிக்கும் 14 நாள் உண்டு. அதற்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றாவிட்டால் தேர்டு பார்ட்டிக்குக் காப்பு இருக்கும், உங்கள் வண்டிச் சேதத்துக்கு க்ளைம் தள்ளுபடி ஆகும்.

மாப்பிள்ளை இன்னும் வண்டி எடுக்கவில்லை. பழைய வண்டி திண்ணை ஓரமாக நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அறந்தாங்கியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார், விலையும் படிந்தது. “கையெழுத்த மட்டும் போட்டுக் குடுங்க சார், பேர நான் நிதானமா மாத்திக்கிறேன்” என்றார். காப்பி டம்ளரோடு வந்த தங்கச்சி குறுக்கே பேசினாள்: “ஆதார் கார்டு எடுத்துட்டு வாங்கண்ணே. உங்க பேரு, இன்னைக்கித் தேதி ரெண்டையும் எழுதிட்டுத்தான் இவரு கையெழுத்துப் போடுவாரு.” வீட்டுக்குப் போய் எடுத்து வருகிறேன் என்று போனவர், இன்னும் வரவில்லை.